மானாவாரி மணிலாவில் துவரை ஊடுபயிர்: எத்தனை சாலுக்கு ஒரு சால்?

செங்கம் செம்மண்

எல்லோருக்கும் வணக்கம். செங்கம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்மண் காடு, முழுக்க மானாவாரி. கிணற்றுத் தண்ணீர் மாட்டுக்கும் வீட்டுக்கும்தான் காணும். அப்பா காலத்திலிருந்தே ஆடியில் மணிலாதான் (நிலக்கடலை) போடுகிறோம். சமீப வருடங்களில் பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கும் நேரம் பார்த்து மழை நின்றுவிடுகிறது. செடி பச்சைப் பசேல் என்று நிற்கும், பிடுங்கினால் பாதி பொக்கு.

இந்த ஆடிக்குத் துவரையை ஊடுபயிராகப் போடலாம் என்று இருக்கிறேன். 6:1 போடு, அதாவது ஆறு சால் (வரிசை) மணிலாவுக்கு ஒரு சால் துவரை என்று ஒருவர் சொல்கிறார். பக்கத்துக் காட்டுக்காரர், துவரை வந்தால் மணிலா அமுங்கிவிடும், வேண்டாம் என்கிறார். உளுந்து போடச் சொல்பவர்களும் உண்டு. சொந்த டிராக்டர் இருக்கிறது, விதைக்கும் கருவி வாடகைக்குக் கிடைக்கும். மணிலா பிடுங்க ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு. போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

திண்டிவனம் மல்லாட்டை

தம்பி, துவரையே போடுங்கள். ஆனால் ரகத்தைப் பார்த்துப் போடுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் சொல்வது முழுப் பொய் இல்லை. 100, 105 நாளில் முடியும் வம்பன் 3 மாதிரிக் குறுகிய காலத் துவரையை உள்ளே விட்டால் நிச்சயம் அமுக்கும். மல்லாட்டை (எங்கள் பக்கம் மணிலாவை அப்படித்தான் சொல்வோம்) பூத்து விழுது இறக்கும் அதே நேரத்தில் அதுவும் ஈரத்துக்குப் போட்டி போடும், இரண்டும் ஒன்றாக அறுவடைக்கு வந்து நிற்கும். ஊடுபயிருக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது. கோ 8 மாதிரி 170, 180 நாள் நிற்கும் ரகம் வேண்டும்.

நீண்ட காலத் துவரை முதல் ஐம்பது அறுபது நாளைக்கு மேலே அவ்வளவாக எழும்பாது, வேரைத்தான் கீழே விடும். அந்த இடைவெளியில் மல்லாட்டை பூத்து, விழுது இறக்கி, காய் கட்டிவிடும். ஆடி நடுவில் விதைத்தால் ஐப்பசியில் மல்லாட்டை வெளியே போய்விடும். அதற்குப் பிறகுதான் துவரை பக்கக் கிளை விட்டு விரியும். அப்போது காடே அதனுடையது. வடகிழக்கு மழையும் அப்போதுதான் வருகிறது. கார்த்திகையில் பூத்து, மார்கழிப் பனியில் காய் முற்றி, தைக்கு வீட்டுக்கு வந்துவிடும்.

நம் வடமாவட்டங்களுக்கு இரண்டு பருவ மழையும் கிடைப்பது பெரிய வாய்ப்பு. வெறும் மல்லாட்டை போட்டால் தென்மேற்கு மழையோடு கணக்கு முடிந்துவிடுகிறது, ஐப்பசி கார்த்திகை மழை வெறுங்காட்டில் பெய்து ஓடுகிறது. துவரை நின்றால் அந்த மழையும் காசாகும். இதற்காகவே நான் துவரை இல்லாமல் மல்லாட்டை விதைப்பதில்லை.

பென்னாகரம் மேட்டுக்காடு

ஐயா சொல்வது சரி. ஆனால் துவரை மட்டும் ஏன்? எங்கள் பக்கம் கடலைக்குள் துவரை, மொச்சை, காராமணி, ஓரத்தில் ஆமணக்கு, நாலு சோளம் என்று கலந்து போடுவதுதான் பழக்கம். பெண்கள் கையில்தான் இந்த விதைகளெல்லாம் இருக்கும். காராமணி முதலில் காய்க்கும், பச்சையாகவே குழம்புக்கு ஆகும். மொச்சை மார்கழியில் வரும். துவரை தையில். ஏதாவது ஒன்று கைவிட்டாலும் வீட்டில் பருப்புக்குக் குறை வராது. கடைக்குப் போய்ப் பருப்பு வாங்கும் நிலை எங்களுக்கு இதுவரை வந்ததில்லை. முழுத் துவரையை ஊறவைத்து, செம்மண் கட்டிக் காயவைத்து எடுத்து வைத்தால் வண்டு அண்டாது, உடைத்தால் ருசியும் வேறு. சால் கணக்குப் பார்த்தால் இந்தப் பழக்கமெல்லாம் போய்விடுமே என்பதுதான் என் கவலை.

செங்கம் செம்மண்

அக்கா, வீட்டுத் தேவைக்கு ஓரமாகக் கலந்து போடுவேன். ஆனால் மூன்று ஏக்கரிலும் கலந்துவிட்டால் களை வெட்டுவதும் மணிலா பிடுங்குவதும் எப்படி? எங்கள் வீட்டில் வேலை செய்ய மூன்று பேர்தான்.

வேளாண் மாணவி

நான் வேளாண்மை படித்துவிட்டு இப்போது எங்கள் காட்டையும் பார்த்துக்கொள்கிறேன். சால் கணக்கை வைத்துச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

கடலை சாலுக்குச் சால் 30 சென்டிமீட்டர். 6:1 என்றால் ஆறு சால் கடலை, ஏழாவது சால் துவரை. அதாவது துவரைச் சாலுக்கும் அடுத்த துவரைச் சாலுக்கும் இடையே 2.1 மீட்டர். ஒரு ஏக்கர் சுமார் 4000 சதுர மீட்டர், அதில் ஏறக்குறைய 1900 மீட்டர் நீளத்துக்குத் துவரைச் சால் கிடைக்கும். செடிக்குச் செடி ஒரு அடி விட்டால் ஆறாயிரத்துச் சொச்சம் செடி. துவரை நூறு விதை பத்து கிராம் அளவில் இருக்கும், எனவே குழிக்கு இரண்டு விதை போட்டாலும் ஒன்றரைக் கிலோவுக்குள் ஒரு ஏக்கர் முடிந்துவிடும். விதைச் செலவு என்று பார்த்தால் துவரை பாரமே இல்லை. கடலைக்குத்தான் ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு வாங்க வேண்டும்.

கடலைச் சாலில் ஏழில் ஒரு பங்கு குறைகிறது, அதனால் விளைச்சலும் ஏழில் ஒரு பங்கு குறையும் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி அப்படியே குறையாது. துவரை சின்னதாக இருக்கும்போது அதன் பக்கத்துக் கடலைச் சாலுக்கு வெளிச்சமும் ஈரமும் கூடுதலாகக் கிடைக்கிறது. இதை அளப்பதற்கு நிலச் சமன் விகிதம் என்று ஒரு கணக்கு உண்டு. வெறும் கடலை போட்டால் பத்து மூட்டை வரும் காட்டில் ஊடுபயிரோடு எட்டரை வந்தது என்று வையுங்கள், அது 0.85. தனித் துவரை நாலு மூட்டை வரும் இடத்தில் ஊடுபயிராக ஒன்றரை வந்தால் 0.38. கூட்டினால் 1.23. அதே விளைச்சலைத் தனித்தனியாக எடுக்க ஒன்றே கால் ஏக்கர் தேவைப்பட்டிருக்கும். எண்கள் கணக்குக்காகச் சொன்னவை, உங்கள் காட்டில் எவ்வளவு என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும். ஓரமாக நாலு சால் வெறும் கடலை விட்டு வைத்து எடை போட்டால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செம்மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இரும்போடு பிணைந்து கிடக்கும், பெரும்பாலான பயிர்களின் வேருக்கு எட்டாது. துவரை வேர் பிசிடிக் அமிலம் என்ற ஒன்றைச் சுரந்து அந்தப் பிணைப்பை அவிழ்க்கிறது. ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் செய்த ஆய்வில் இது தெரியவந்து, 1990-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. நம் மாதிரி செம்மண்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. உதிரும் இலையோடு அந்தச் சத்து அடுத்த பயிருக்கு மேல் மண்ணில் சேருகிறது.

ஆத்தூர் ஆமணக்கு

துவரைக்குப் பதில் ஆமணக்கையும் யோசியுங்கள். ஏத்தாப்பூர் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தின் ஒய்.ஆர்.சி.எச் 1 ரகம் எங்கள் பக்கம் நன்றாக வருகிறது. கடலைக்குள் அகலமாக ஒரு சால் விட்டால் குலை குலையாகப் பல மாதம் பறிக்கலாம், ஆடும் தொடாது. இலை தின்னும் புரொடீனியாப் புழு கடலையை விட்டு ஆமணக்கில்தான் முட்டையிட வரும். இலையைத் திருப்பிப் பார்த்து முட்டைக் குவியலைக் கிள்ளி எறிந்தால் மருந்துச் செலவு மிச்சம்.

திண்டிவனம் மல்லாட்டை

ஆமணக்கு நல்ல பயிர்தான், ஓரக்காலில் கட்டாயம் வேண்டும். உள்ளே சாலாக விட்டால் இலை அகலம், நிழல் அதிகம். குலை வரும் நேரத்தில் அடைமழை பிடித்தால் சாம்பல் பூஞ்சணம் வந்து குலையே அழுகும், எங்கள் பக்கத்துக் கார்த்திகைக்கு அது தாங்காது. ஆத்தூர் மழை வேறு, திருவண்ணாமலை மழை வேறு.

கோவில்பட்டி கரிசல்

எங்கள் ஊருக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது என்பதையும் பதிவு செய்கிறேன், தெற்கே இருந்து படிப்பவர்களுக்காக. எங்களுக்கு ஆடி மழையே கிடையாது. புரட்டாசி, ஐப்பசியில் வருவதுதான் மழை, மார்கழியோடு முடிந்தது. அதற்குப் பிறகு கரிசல் பிடித்து வைத்திருக்கும் ஈரத்தில்தான் பயிர் முடிய வேண்டும். 180 நாள் துவரைக்கு இங்கே வழியில்லை. சூரியகாந்திக்குள் உளுந்து, இல்லாவிட்டால் பாசிப்பயறு. எழுபது நாளில் பயறு வெளியே வந்துவிட வேண்டும், அப்போதுதான் சூரியகாந்தி மணி பிடிக்கும் நேரத்தில் மிச்ச ஈரம் அதற்குக் கிடைக்கும்.

அதாவது வடக்கே எண்ணெய்வித்து முதலில் போகிறது, பயறு பின்னால் நிற்கிறது. இங்கே பயறு முதலில் போகிறது, எண்ணெய்வித்து பின்னால் நிற்கிறது. உங்கள் ஊர் மழை எப்போது நிற்கும் என்று பார்த்துவிட்டுத்தான் எது நீளப் பயிர் என்று முடிவு செய்ய வேண்டும். இதைச் சொல்லாமல் விகிதத்தை மட்டும் நோட்டீஸில் அச்சடித்துக் கொடுப்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

செங்கம் செம்மண்

நன்றி அண்ணா. அப்படியானால் எனக்கு உளுந்து வேண்டாமா?

வேளாண் மாணவி

உளுந்து போட்டால் கடலைக்கு முன்பே எடுத்துவிடலாம், கைக்குச் சீக்கிரம் காசு வரும், அது உண்மை. ஆனால் உங்கள் பிரச்சினை விழுது இறங்கும் நேரத்தில் வரும் வறட்சி. ஆடி விதைப்புக்கு அது ஆவணி கடைசி, புரட்டாசி. அதே வறட்சியில் உளுந்தும் பூவில் நிற்கும். இரண்டும் ஒரே நாளில் அடிபடும் என்றால் அது காப்பு ஆகாது. இரண்டுக்குமே வேரழுகல் வரும் என்பது இன்னொரு சங்கடம். துவரை அப்போது இலையைச் சுருட்டிக்கொண்டு சும்மா நிற்கும், ஐப்பசி மழைக்குத் துளிர்க்கும்.

பயறுவகை பக்கத்தில் நின்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) கொடுக்கும் என்று சொல்வதை வைத்தும் முடிவெடுக்க வேண்டாம். கடலையே பயறுவகைச் செடிதான், அதன் வேரிலேயே முடிச்சு உண்டு. நிற்கும் பயிருக்குப் பக்கத்துச் செடியிலிருந்து அந்தப் பருவத்திலேயே போய்ச் சேரும் தழைச்சத்து மிகக் கொஞ்சம். அடுத்த வருடம் அதே காட்டில் கம்போ கேழ்வரகோ போடும்போதுதான் அதன் பலன் தெரியும்.

திண்டிவனம் மல்லாட்டை

பாப்பா நன்றாகச் சொன்னது. இப்போது தம்பிக்கு உண்மையான பிரச்சினை பிடுங்குவதில் இருக்கிறது, அதற்கு வருகிறேன். ஆள் வைத்துக் கையால் பிடுங்கினால் 6:1-இல் ஒரு சங்கடமும் இல்லை. டிராக்டரில் கத்தி போட்டுக் கிளப்புவதாக இருந்தால்தான் சிக்கல். 2.1 மீட்டர் இடைவெளி காகிதத்தில் டிராக்டருக்குப் போதும். ஆனால் ஐப்பசியில் துவரை இடுப்பு உயரம் தாண்டி இரண்டு பக்கமும் கிளை விட்டிருக்கும். டயர் ஏறாவிட்டாலும் மட்கார்டு பட்டுக் கிளை முறியும். பூக்கப்போகிற கிளை முறிந்தால் துவரை போட்டதன் பலனே போய்விடும். நிறைய பேர் துவரை ஊடுபயிர் சரிவரவில்லை என்று விட்டதற்குக் காரணம் இதுதான், நோயோ மழையோ இல்லை.

அதனால் 12:2 என்று போடுங்கள். பன்னிரண்டு சால் மல்லாட்டை, அடுத்து இரண்டு சால் துவரை. விகிதம் அதே ஏழுக்கு ஒன்றுதான், செடி எண்ணிக்கையும் ஏறக்குறைய அதேதான். ஆனால் ஒரு ஜோடிச் சாலுக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவே நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் திறந்த இடம் கிடைக்கும். டிராக்டர் தாராளமாகப் போய் வரும். துவரையை ஒட்டிய ஒரு சாலை மட்டும் கையால் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டி கரிசல்

ஆந்திராவில் அனந்தப்பூர் பக்கம் 7:1, 11:1 என்று அகலமாக விடுகிறார்கள். அங்கே வருட மழையே 550 மில்லிமீட்டர் அளவுதான், துவரை அதிகமானால் மண்ணில் ஈரம் தாங்காது. மழைக்கும் கருவிக்கும் ஏற்ற மாதிரி சால் மாறத்தான் வேண்டும்.

அனந்தப்பூர் என்றதும் இன்னொன்று. 2000-இல் அங்கே கடலையில் தண்டழுகல் நச்சுயிரி நோய் வந்து இரண்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் போனது. பார்த்தீனியம் பூத்தூளில் இருக்கும் நச்சுயிரியை இலைப்பேன் கடலைக்குக் கொண்டுவருகிறது. அதே நச்சுயிரிதான் சூரியகாந்தியையும் கருக்குகிறது. ஆகவே கடலையும் சூரியகாந்தியும் ஒரே காட்டில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வரப்பில் பார்த்தீனியம் பூக்கும் முன்னே பிடுங்கிவிடுங்கள். காட்டைச் சுற்றி நாலு சால் கம்போ சோளமோ நெருக்கி விதைத்தால் காற்றோடு வரும் பேனைத் தடுக்கும், மாட்டுக்குத் தட்டையும் ஆச்சு.

பென்னாகரம் மேட்டுக்காடு

கம்பளிப்புழுவை யாரும் சொல்லவில்லையே. செம்மண் மானாவாரிக்கு முதல் எதிரி அதுதான். விதைப்பு மழை பெய்ததும் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாக வெளியே வரும். நாங்கள் ஊர் சேர்ந்து இரவு ஏழு மணிக்கு மேல் காட்டோரம் தீ மூட்டுவோம், பூச்சி வந்து விழும். ஒருவர் காட்டில் மட்டும் மூட்டிப் பயனில்லை. அப்புறம், துவரைச் சாலும் காராமணிச் சாலும் இருந்தால் பூச்சி அதில்தான் முட்டையிட விரும்பும். இலைக்கு அடியில் குவியலாக இருக்கும், குஞ்சுப் புழு இலையைச் சல்லடையாக அரித்திருக்கும், தூரத்திலிருந்தே வெளுத்துத் தெரியும். அந்த இலையை மட்டும் கிள்ளி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டால் முடிந்தது. ஏக்கர் முழுக்கத் தேட வேண்டாம், துவரைச் சாலோரம் நடந்தால் போதும்.

நான் முதலில் சால் கணக்கு வேண்டாம் என்ற மாதிரிப் பேசினேன். இந்த வேலைக்குச் சாலாக இருப்பதுதான் வசதி. ஆனால் துவரைச் சாலிலேயே பத்தடிக்கு ஒரு மொச்சை, ஒரு காராமணி விடலாம் தம்பி. டிராக்டருக்கு அது தடை ஆகாது.

செங்கம் செம்மண்

இது அருமையாக இருக்கிறது அக்கா, அப்படியே செய்கிறேன். களைக்கொல்லி அடிக்கலாமா?

வேளாண் மாணவி

விதைத்த மூன்று நாளுக்குள், மண் ஈரமாக இருக்கும்போது பெண்டிமெத்தலின் அடிக்கலாம், கடலைக்கும் துவரைக்கும் ஆகும். முளைத்த பிறகு கடலைக்கு அடிக்கும் இமாசிதபைர் வேண்டாம். உங்கள் காட்டில் ஓரத்தில் ஆமணக்கும் கம்பும் இருக்கப்போகிறது, காற்றில் பட்டாலே கருகும். இரண்டு கைக்களை எடுத்துவிடுங்கள். 40, 45-ஆம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்துவிட்டால், அதற்குப் பிறகு கடலைச் சாலில் கொத்தோ காலோ படக்கூடாது. விழுது அறுந்தால் காய் இல்லை. ஜிப்சத்தைக் கடலைச் சாலுக்கு மட்டும் போடுங்கள், துவரைக்குத் தேவையில்லை.

விதைநேர்த்தி இரண்டுக்குமே: கிலோ விதைக்கு நாலு கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (வேரழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சை), மறுநாள் ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள்.

திண்டிவனம் மல்லாட்டை

மல்லாட்டை போன பிறகு துவரையை மறந்துவிடாதீர்கள். எல்லோரும் சறுக்குவது அங்கேதான். காடு காலியானது என்று ஊர் ஆடு மாடெல்லாம் உள்ளே வரும். அறுவடை முடிந்த காட்டில் மேய்ப்பது ஊர் வழக்கம், மேய்ப்பவரைக் குறை சொல்ல முடியாது. துவரைத் துளிர் ஆட்டுக்கு அல்வா. ஒரு காட்டில் மட்டும் துவரை நின்றால் காப்பாற்றவே முடியாது. சுற்றிலும் நாலைந்து பேர் சேர்ந்து துவரை போட்டால் அந்தப் பக்கமே தை வரைக்கும் மேய்ச்சல் இல்லை என்று ஊரில் பேசி வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் ஆடு வைத்திருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, கடலைக்கொடியில் ஒரு பங்கும் அறுத்த பின் துவரைத் தழையும் அவர்களுக்கு என்று பேசிக்கொண்டோம். சண்டை இல்லை.

பூக்கும் நேரத்தில் பல்ஸ் வொண்டர் என்ற பயறு ஊட்டச்சத்துக் கலவையை ஏக்கருக்கு இரண்டு கிலோ தெளித்தால் பூ உதிர்வது குறையும். காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து, பறவை உட்காரக் கவைக்குச்சி இருபது. புழு அதிகம் தெரிந்தால் செடிக்கு அடியில் தார்ப்பாய் விரித்துக் கிளையைப் பிடித்து உலுக்குங்கள், கொட்டும். கோழிக்கு ஆகும். இலை வெளுத்துச் சிறுத்து, பூக்காமல் கொத்தாக நிற்கும் செடிக்கு வந்திருப்பது மலட்டுத் தேமல் நோய், பார்த்த அன்றே பிடுங்கி எரித்துவிடுங்கள்.

ஆத்தூர் ஆமணக்கு

விலையும் பார்க்க வேண்டும். 2025-26-க்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டால் மணிலாவுக்கு 7263, துவரைக்கு 8000. சிறு விவசாயி துவரை இரண்டு மூட்டை வைத்துக்கொண்டு கொள்முதல் மையத்துக்கு அலைந்தால் வண்டி வாடகைக்கே போய்விடும். சேர்ந்து போடுவது ஆட்டுக்கு மட்டுமில்லை, விற்கவும் உதவும்.

பென்னாகரம் மேட்டுக்காடு

உடைத்து விற்கலாமே. செம்மண் கட்டிய பருப்புக்கு டவுனில் கேட்டு வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். உமியும் குருணையும் மாட்டுக்கு, மிளாறு அடுப்புக்கும் படலுக்கும்.

செங்கம் செம்மண்

சரி, முடிவு செய்துவிட்டேன். இரண்டு ஏக்கரில் 12:2, கோ 8 துவரை, அந்தச் சாலில் இடையிடையே மொச்சை, காராமணி. ஓரத்தில் ஆமணக்கு, சுற்றிலும் கம்பு. மூன்றாவது ஏக்கரில் பாதி 6:1 விட்டுக் கையால் பிடுங்கிப் பார்க்கிறேன், மீதி வெறும் மணிலா. மூன்றையும் தனித்தனியாக எடை போட்டு இதே இழையில் எழுதுகிறேன். பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு பேரிடம் ஆட்டு விஷயம் பேசிவிட்டேன், ஒருவர் தானும் போடுவதாகச் சொல்கிறார். கேள்வி ஒன்றுதான் பாக்கி. கோ 8 விதை இங்கே கடைகளில் இல்லை. உறவினர் ஒருவர் வீட்டு விதை தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

திண்டிவனம் மல்லாட்டை

வேளாண் அறிவியல் நிலையத்தில் முதலில் கேளுங்கள், இப்போதே கேட்டு வைத்தால்தான் ஆடிக்குக் கிடைக்கும். இல்லாவிட்டால் உறவினர் விதையே வாங்குங்கள், எத்தனை நாள் ரகம் என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். துவரையில் தேனீயால் அயல் மகரந்தம் கலக்கும், பக்கத்தில் வேறு ரகம் நின்றிருந்தால் அந்த விதை வேண்டாம். வாங்கியதும் நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து ஐந்தாம் நாள் பிரியுங்கள். எழுபத்தைந்துக்குக் குறைவாக முளைத்திருந்தால் குழிக்கு மூன்று விதை போடுங்கள்.